பத்து மடங்கு உங்கள் கையில் எத்தனை மடங்கு?

கேள்வி: என்னிடம் 10×42 பைனாகுலர் இருக்கிறது, அண்ணனிடம் 8×42. வேடந்தாங்கல் கரையில் நின்று பார்த்தால் நத்தைகுத்தி நாரையின் அலகு நடுவே உள்ள இடைவெளி அவருடைய எட்டில்தான் எனக்கு நன்றாகத் தெரிகிறது. கடையில் பத்துதான் அதிகம் காட்டும் என்றார்கள். என்னுடையதில் கோளாறா?
- வாசகி, மதுராந்தகம்

பதில்: கோளாறாக இருக்க வாய்ப்பு குறைவு. பறவையைப் பத்து மடங்காக்கும் பைனாகுலர் உங்கள் கையின் ஆட்டத்தையும் பத்து மடங்காக்கும். உருவம் எவ்வளவு பெரிதாகும் என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. நுணுக்கம் எவ்வளவு தெரியும் என்பதை உங்கள் தெருவிலேயே அளந்துவிடலாம்.

1 மில்லிமீட்டர் கறுப்புக் கோடு, 1 மில்லிமீட்டர் வெள்ளை இடைவெளி என வரிசையாக வரும்படி ஒரு தாள் அச்சிட்டுக்கொள்ளுங்கள். கோடுகள் நிமிர்ந்து நிற்கும்படியோ படுத்திருக்கும்படியோ அண்ணன் அதைச் சுவரில் ஒட்டட்டும். எப்படி ஒட்டினார் என்று உங்களுக்குச் சொல்லக் கூடாது. தெரிந்துவிட்டால் கண்ணுக்கு முன்னால் மனசு பார்த்துவிடும். முதலில் வெறுங்கண்ணால் பார்த்தபடி பின்னால் நகருங்கள். நல்ல பார்வைக்கு ஏறக்குறைய மூன்றரை மீட்டரில் கோடுகள் கலந்து சாம்பல் நிறமாகிவிடும். அப்புறம் பைனாகுலரோடு போங்கள். கோடு எந்தப் பக்கம் என்று சரியாகச் சொல்ல முடிகிற கடைசி இடத்தில் சாக்பீஸால் குறி போடுங்கள். இந்தத் தூரத்தை வெறுங்கண் தூரத்தால் வகுத்தால் வருவதுதான் உங்களுக்கு நிஜமாகக் கிடைக்கிற மடங்கு. எட்டு முழுசாகக் கிடைத்தால் 28 மீட்டர், பத்து கிடைத்தால் 35.

நின்றபடி கையில் பிடித்தால் என்னுடைய 10×42 சுமார் 25 மீட்டரோடு நின்றுவிடுகிறது, அதாவது ஏழு மடங்கு. டிரைபாடில் மாட்டினால் அதே பைனாகுலர் 33 வரை போகிறது. உங்களுடையதையும் இரண்டு விதமாகவும் பாருங்கள். டிரைபாடிலும் மோசமாக இருந்தால் மட்டுமே பைனாகுலரைச் சந்தேகப்பட வேண்டும். அதற்கு முன், வலக்கண் பக்கம் உள்ள வளையத்தைச் சரிசெய்யுங்கள்: வலக்கண்ணை மூடி நடுச் சக்கரத்தால் இடக்கண்ணுக்குத் தெளிவாக்குங்கள், பிறகு இடக்கண்ணை மூடி அந்த வளையத்தை மட்டும் திருப்புங்கள். வாங்கிய நாளிலிருந்து அதைத் தொடாதவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கண் நோகாமல் பார்க்க வேண்டியவர்கள் பாவம், தலைவலியோடு திரும்புகிறார்கள்.

காலை ஏழு மணிக்குள் சோதியுங்கள். வெயில் ஏறியபின் தரைக்கு மேல் காற்று நெளியும். அப்போது எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய லென்ஸும் தோற்றுவிடும். அதே தாளைப் பொழுது சாயும்போதும் ஒருமுறை பாருங்கள். 8×42 என்பதில் 42 முன் லென்ஸின் விட்டம், மில்லிமீட்டரில். அந்த 42ஐ 8ஆல் வகுத்தால் 5.25, கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் விட்டம் அத்தனை மில்லிமீட்டர். உங்களுடையதில் 4.2. மங்கலில் கண்மணி விரியும்போது இந்த வித்தியாசம் தெரியும். பறவைகள் அடையத் திரும்புகிற நேரத்துக்கு அண்ணனுடையது இன்னும் கொஞ்சம் கைகொடுக்கும்.

கறுப்பு வெள்ளைக் கோடு எளிய பரீட்சை. சேற்றில் நிற்கும் பட்டாணி உப்புக்கொத்தி என்ற சின்னப் பறவையின் முதுகு சேற்று நிறம். கண்ணைச் சுற்றிய மஞ்சள் வளையம் தெரிகிறதா என்பதுதான் கடினமான கேள்வி. ஆகவே வெளிர் சாம்பல் கோடுகளாலும் ஒரு தாள் வைத்துக்கொள்ளுங்கள்.

கரையில் நின்றே பார்ப்பீர்கள் என்றால் நான் எட்டைத்தான் சொல்வேன். பத்தை விற்க வேண்டாம். வண்டி சீட்டின் மேல் முழங்கை ஊன்றியோ மரத்தில் சாய்ந்தோ பாருங்கள், நாரையின் அலகு பிடிபடும்.

கேள்வி: 100 மடங்கு என்று போட்ட சின்னப் பைனாகுலர் மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?
- வாசகர், தேனி

பதில்: வேண்டாம். யாரிடமாவது இருந்தால் இப்படிப் பாருங்கள். முன் லென்ஸை வெளிச்சமான வானத்துக்கு நேரே காட்டி, பைனாகுலரைக் கை நீட்டிப் பிடியுங்கள். கண் வைக்கும் பக்கத்தில் சின்ன ஒளி வட்டம் தெரியும். முன் லென்ஸின் விட்டத்தை அந்த வட்டத்தின் விட்டத்தால் வகுத்தால் மடங்கு வந்துவிடும். லென்ஸ் 24 மில்லிமீட்டர், வட்டம் 3 என்றால் அது எட்டு மடங்குதான். நிஜமாகவே நூறு என்றால் வட்டம் கால் மில்லிமீட்டர்கூட வராது; அதில் பகலிலும் மங்கலாகத்தான் தெரியும்.