செர்ரி போட்ட கறுப்பு பியர் புளிக்கிறது, கெட்டுப்போய்விட்டதா?

சுங்கை சிப்புட்டில் உறவினர் கொண்டுவந்து கொடுத்த பெல்ஜியம் பியர் வாயில் வைத்ததும் புளித்தது, கொட்டிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து கொட்டாதீர்கள்! ஸ்டவுட் குடித்துப் பழகிய நம் தோட்டத்து ஆட்களுக்குக் கறுப்பு நிறத்தைப் பார்த்ததுமே நாக்கு கசப்பை எதிர்பார்க்கும், ஆனால் ஔட் பிரைன் என்ற இந்தப் பெல்ஜியம் புளிப்பு பியர் வகையில் கசப்பு ரொம்பக் குறைவு. ஈஸ்டோடு லாக்டிக் பாக்டீரியாவையும் வேலை செய்யவிட்டு மாதக்கணக்கில் வைத்திருப்பார்கள், சிலவற்றில் செர்ரியும் ஊறும். தயிரைப் புளிக்க வைக்கிற அதே அமிலம்தான் இதிலும்.

ஐஸ் மட்டும் போடவே வேண்டாம். அதிகம் குளிர்ந்தால் பழத்தின் சுவையும் மால்ட்டின் (முளைகட்டிய பார்லி) சுவையும் அடங்கி, புளிப்பு மட்டும்தான் மிஞ்சும். பிரிட்ஜிலிருந்து எடுத்துக் கால் மணி நேரம் வெளியே வைத்து, சுமார் 10 டிகிரி செல்சியசுக்கு வந்ததும் வாயகன்ற கிளாசில் பாதி ஊற்றி, முதலில் மோந்து பாருங்கள்: செர்ரி, காய்ந்த திராட்சை, கொஞ்சம் கேரமல். முதல் மடக்கை வைத்து முடிவு செய்யாதீர்கள், நாக்கு புளிப்புக்குப் பழகிய பிறகுதான் இனிப்பு மேலே வரும்.

லேசான வினிகர் வாசனை சரி, மூக்கைக் குத்தினால் சரியில்லை. அப்புறம், ஆட்டுக்கறி பிரட்டலோடு குடித்துப் பாருங்கள், வாயில் ஒட்டும் கொழுப்பை இந்தப் புளிப்பு நன்றாகக் கழுவிவிடும்.