பேரரசு நாவலின் இரண்டாம் பாகத்துக்குக் காத்திருக்கிறவைக்கு: கேள்வி பதில்

'றெயின் ஒஃப் தி எம்பயர்' எண்ட ஸ்டார் வோர்ஸ் நாவல் வரிசையின்ர இரண்டாம் பாகத்தைப் பற்றி வன்னிப் பக்கத்து வாசகர்கள் கேட்டனுப்பின கேள்விகளுக்கு இஞ்ச பதில் சொல்லுறன். நாவல்களைப் பற்றி மட்டும் கேளுங்கோ. கேம், பொம்மை, லைட்சேபர் விலை எல்லாத்துக்கும் வேற ஆக்கள் இருக்கினம்.

தொடங்க முதல் ஒரு எச்சரிக்கை. புத்தகம் வந்த கையோட ஆரும் ஸ்கான் பண்ணின பிடிஎஃப் அனுப்பினால் திறக்காதேங்கோ, மற்றவைக்கும் அனுப்பாதேங்கோ. அதில பக்கம் விடுபட்டிருக்கும், முக்கியமான இடத்தை ஆரும் வட்டம் போட்டும் வைச்சிருப்பினம்.

பரந்தனிலிருந்து ஒரு தம்பி: அண்ணை, நான் படங்கள் மட்டும்தான் பார்த்தனான். முதல் பாகம் வாசிக்காமல் நேர இரண்டாவதுக்குப் போகலாமோ?

வேண்டாம் தம்பி. முதல் பாகம் 'த மாஸ்க் ஒஃப் ஃபியர்', 2025 பெப்ரவரியில வந்தது, எழுதினவர் அலெக்சாண்டர் ஃப்ரீட். 2005இல வந்த படத்தின்ர முடிவில குடியரசு விழுந்து பேரரசன் வாறான். 1977இல வந்த முதல் படத்தில எதிர்ப்பியக்கம் ஏற்கனவே பெரிசா நிக்குது. கதைக் கணக்கில இடையில 19 வருசம். அந்த இடைவெளியின்ர ஆகத் தொடக்கத்தில, போர் ஓய்ஞ்சு கொஞ்ச நாளில, நாவல் ஆரம்பிக்குது.

அதில மூண்டு பேர், மூண்டு வழி. சபை உறுப்பினர் மொன் மொத்மா பேரரசன்ர அதிகாரத்தைச் சட்டத்தால கட்டுப்படுத்தப் பார்க்கிறா. இன்னொரு சபை உறுப்பினர் பெயில் ஓர்கானா, துரோகிகள் எண்டு கொல்லப்பட்ட ஜெடை எண்ட வீரர்களின்ர உண்மையை வெளியில கொண்டுவரத் துடிக்கிறார். ஸோ கெரேரா ஆயுதத்தைக் கீழ வைக்கிற எண்ணமே இல்லாத மனுசன். மூண்டு பேருக்கும் எதிரி ஒண்டுதான், ஆனால் ஒருத்தரின்ர வழியில மற்றவருக்கு நம்பிக்கை இல்லை. சபைக்குள்ள ஆதரவு தேடி அலையிற பகுதிகளை அவசரப்படாமல் வாசியுங்கோ. தனிய இருக்கேக்க 'ஓம்' எண்டு தலையாட்டினவர் வெளியில வாய் திறக்கமாட்டார். போர் முடிஞ்சுது எண்டு அறிவிச்ச பிறகு சனம் எதுக்குப் பயப்பிடும் எண்டு எங்கட பக்கத்து வாசகருக்கு ஆரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. இந்த வரிசையை நான் இவ்வளவு எதிர்பார்த்திருக்கிறதுக்கும் காரணம் அதுதான்.

மாங்குளம்: எப்ப வரும்?

பதிப்பகத்தின்ர பக்கத்தில போட்டிருக்கிற திகதிதான் திகதி. கடைக்காரர் போடுறதை நம்பாதேங்கோ.

வவுனியாவிலிருந்து ஒரு அக்கா: ஒரே கதையை ஏன் மூண்டு பேர் எழுதுகினம்? இரண்டாம் பாகம் ஒட்டாமல் போகாதோ?

நல்ல கேள்வி அக்கா. முதலாவது ஃப்ரீட், இரண்டாவது ரெபேக்கா ரோன்ஹோர்ஸ், மூண்டாவது ஃப்ரான் வைல்ட். நடை மாறத்தான் செய்யும், அதுக்காக நான் கவலைப்படேல்லை. ஃப்ரீட் 2015இலயிருந்து இந்த உலகத்துக்குள்ள நாவல் எழுதுறவர். சாதாரணச் சிப்பாய், களைச்சுப்போன விமானி, இப்பிடியான ஆக்களைத்தான் அவர் முன்னுக்குக் கொண்டு வருவார். ரோன்ஹோர்ஸ் 2019இல 'ரெசிஸ்டன்ஸ் றீபோர்ண்' எழுதினவ. தோத்து, சிதறி, கையில ஒண்டும் மிஞ்சாத ஒரு கூட்டம் திரும்ப ஆள் சேர்க்கிற கதை அது. அதை விட 'ப்ளாக் சன்' எண்டு தன்ர சொந்த உலகத்தில ஒரு பெரிய நாவலும் எழுதியிருக்கிறா. அதில நாலு பேரின்ர கதையை நாலு திசையிலயிருந்து கொண்டுவந்து ஒரு நாளில முடிச்சுப் போடுவா. மூண்டு பேரின்ர பாதை பிரிஞ்சு போற இந்தக் கதைக்கு அந்தக் கைப்பழக்கம் நல்லாப் பொருந்தும்.

அட்டையில தொடரின்ர பேர் பெரிசாயும் எழுத்தாளரின்ர பேர் சின்னனாயும் இருக்கும். நீங்கள் சின்ன எழுத்தை முதல் பாருங்கோ.

புதுக்குடியிருப்பு: திகதி தெரியுமோ அண்ணை?

மாங்குளத்துக்குச் சொன்னதுதான்.

ஒட்டுசுட்டான்: இஞ்ச இருந்துகொண்டு புத்தகம் எடுக்கிறது எப்பிடி?

மூண்டு வழி இருக்கு. கிண்டில் மாதிரி மின்பதிப்பு வந்த அண்டைக்கே கிடைக்கும், ஃபோன்லயும் வாசிக்கலாம். கொழும்புக் கடையில சொல்லி வைச்சால் வந்த பிறகு ஏ9ஆல வாற பஸ்ஸில பார்சல் போட்டு விடுவினம். வெளிநாட்டிலயிருந்து சொந்தக்காரர் வந்தால் அவையின்ர பையில ஒண்டு. முதல் வாறது கெட்டி அட்டை, விலையும் பாரமும் கூட. மெல்லட்டை வர ஏறத்தாழ ஒரு வருசம் பிடிக்கும். பொறுக்கலாமெண்டால் பொறுங்கோ.

காசு கட்ட முதல் ஒரு வேலை செய்யுங்கோ. பதிப்புரிமைப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்லிக் கேளுங்கோ. ஒரு கடை எனக்கு முழு விலையும் வாங்கிக்கொண்டு கள்ளப் பிரதியை அனுப்பினது. தாள் மஞ்சள், எழுத்து மங்கல், முதுகில பசை விட்டுப்போய் நடுப்பக்கங்கள் கையோட வந்துது. நல்ல கடையெண்டால் படம் அனுப்பப் பஞ்சிப்படாது.

முள்ளியவளை: பெயில் ஓர்கானா 1977 படத்தில தன்ர கிரகத்தோட சேர்ந்து அழியிறார். ஸோ கெரேரா 2016இல வந்த 'றோக் வண்' படத்தில சாகிறார். முடிவு தெரிஞ்ச கதையை ஏன் வாசிக்க வேணும்?

முள்ளியவளையிலயிருந்து இந்தக் கேள்வி வாறது எனக்கு ஆச்சரியம். கோவலன் கூத்துக்கு விடிய விடிய இருந்து பார்க்கிற சனத்தில கோவலன் வெட்டுப்படுவான் எண்டு தெரியாத ஆர் இருக்கினம்? தெரிஞ்சுகொண்டுதான் பாயைக் கொண்டுபோய் விரிச்சு இருக்கினம். சிலம்பைக் கையில எடுத்துக்கொண்டு மதுரைக்கு வெளிக்கிடேக்க, 'போகாதையடா' எண்டு ஒரு கிழவி உரத்துச் சொல்லும். முடிவு தெரிஞ்சதாலதான் அந்தக் குரல் வருது.

பெயிலும் அப்பிடித்தான். இவ்வளவு கவனமாக் காய் நகர்த்துற மனுசன்ர வீடு, ஊர், கிரகம் எல்லாம் ஒரு நாள் ஒரு நொடியில இல்லாமல் போகும் எண்டு எங்களுக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. அவர் மனுசியோட சாதாரணமா நாளைக்கு என்ன செய்வம் எண்டு கதைக்கிற இடமே நெஞ்சை அடைக்கும்.

வவுனியாவிலிருந்து ஒரு அண்ணை: கூத்தை விடும். 2014 ஏப்ரல் 25ஆம் திகதி, ஸ்டார் வோர்ஸ் எடுக்கிற கம்பனி லூக்காஸ்ஃபில்ம் ஒரு அறிக்கை விட்டது. அதுவரைக்கும் வந்த நாவல்கள் எல்லாம் இனி 'லெஜெண்ட்ஸ்', அதிகாரபூர்வக் கதை இல்லை எண்டு. பத்திருபது வருசம் வாசிச்சவன் ஏமாந்தான். இந்த வரிசையையும் நாளைக்கு ஒரு ரிவி தொடர் வந்து அழிச்சுப் போடும். செல்லுபடியாகிறதை மட்டும் வாசிக்கிறதுதான் புத்தி.

அண்ணை, நீங்கள் சொல்லுற அறிக்கை உண்மை, கோபமும் நியாயம். முடிவோட நான் ஒத்துப்போகேல்லை.

1991இல டிமோதி ஸான் 'எயர் டு தி எம்பயர்' எழுதினார். பேரரசின்ர தலைநகரக் கிரகத்துக்குக் கொரஸ்கன்ட் எண்டு பேர் வைச்சது அந்த நாவல். 1999 படத்தில அந்தப் பேர் அப்பிடியே வந்துது. அதே நாவலில வந்த நீலத்தோல் தளபதி த்ரோன் 2014இல 'செல்லாது' பக்கத்துக்குப் போனார், 2016இல அனிமேஷன் தொடரில திரும்பி வந்தார், 2023இல நடிகர் ஒருவர் அந்த வேசம் போட்டு நடிச்சார். செல்லாது எண்டு சொன்ன கையே திரும்ப வந்து எடுத்துக்கொண்டு போகுது. ஏனெண்டால் வாசகர் அந்த ஆளை விடேல்லை.

எங்கட தீவில இருந்தவரைப் பாருங்கோ. ஆர்தர் சி. கிளார்க் 1956இலயிருந்து 2008இல சாகும் வரைக்கும் இலங்கையிலதான் இருந்தார். அவரின்ர '2001' விண்வெளிக் கதை படமாயும் நாவலாயும் 1968இல வந்தது. நாவலில கப்பல் சனிக்குப் போகுது, படத்தில வியாழனுக்கு. 1982இல அடுத்த நாவலை எழுதேக்க அவர் தன்ர நாவலை விட்டிட்டு படத்தின்ர வியாழனைத்தான் பிடிச்சார். அதுக்காக நாங்கள் சனிக்குப் போற அத்தியாயங்களைக் கிழிச்சு எறியிறமோ?

இன்னும் கிட்ட வாறன். இளங்கோவடிகளின்ர சிலம்பில கண்ணகி மதுரையை எரிச்சுப்போட்டு சேரநாட்டு மலைக்குப் போறா, வேங்கை மரத்தடியில நிக்கிறா, வானூர்தி வந்து கொண்டுபோகுது. எங்கட ஊர்க் கதையில அவ கடல் கடந்து வந்து நந்திக்கடல் ஓரம் வற்றாப்பளையில அமர்ந்தா. வைகாசிப் பொங்கலுக்குக் கடல்நீரில விளக்கெரிக்கிற அந்தச் சன்னிதியில நிண்டுகொண்டு, இது சிலம்பில இல்லை, செல்லாது எண்டு ஆர் சொல்லுவினம்?

முல்லைத்தீவிலிருந்து ஒரு ஆசிரியை: இதை நான் ஏற்கமாட்டன் தம்பி. வற்றாப்பளை சனத்தின்ர பக்தியில வளர்ந்த கதை. ஸ்டார் வோர்ஸ் ஒரு கம்பனியின்ர சொத்து. இரண்டையும் ஒரு தட்டில வைக்காதேங்கோ.

ரீச்சர், நீங்கள் சொல்லுற வித்தியாசம் உண்மையானது. அதைத் தள்ளிப்போட்டு நான் போகமாட்டன்.

வற்றாப்பளைக் கதைக்கு உடமைக்காரர் இல்லை. ஆரும் அறிக்கை விட்டு அதை ரத்துச் செய்ய ஏலாது. டை-இன் நாவல், அதாவது ஒரு கம்பனியின்ர படத்தை ஒட்டி எழுதிற நாவல், அப்பிடியில்லை. எழுதிற ஆளுக்கு அந்த உலகத்தில ஒரு பிடி மண்கூடச் சொந்தமில்லை. கதைச் சுருக்கத்தைக் கொடுத்து அனுமதி எடுக்க வேணும், எழுதி முடிச்சதையும் காட்ட வேணும், தான் உருவாக்கின பாத்திரமும் கடைசியில கம்பனிக்குத்தான். த்ரோனை உருவாக்கினது ஸான், வைச்சிருக்கிறது லூக்காஸ்ஃபில்ம்.

அலன் டீன் ஃபொஸ்டரின்ர கதை எல்லாருக்கும் தெரிய வேணும். முதல் ஸ்டார் வோர்ஸ் நாவல் 1976 முடிவில, படத்துக்கு முன்னமே வந்தது. அட்டையில ஜோர்ஜ் லூக்காஸின்ர பேர், எழுதின கை ஃபொஸ்டருடையது. 1978இல தன்ர பேரில அடுத்ததை எழுதினார். முதல் படம் பெரிசா ஓடாமல் போனால் குறைஞ்ச செலவில அடுத்த படமா எடுக்கலாம் எண்ட கணக்கில எழுதச் சொன்ன கதை அது. அதாலதான் கதை முழுக்கப் புகார் மூடின கிரகம் ஒண்டில நடக்குது. புகாருக்குள்ள பெரிய செட் தேவையில்லை. 2012இல லூக்காஸ்ஃபில்மை டிஸ்னி வாங்கினது. தன்ர பழைய நாவல்களுக்கு உரிமப்பணம் வரேல்லை எண்டு ஃபொஸ்டர் 2020 நவம்பரில பகிரங்கமா முறையிட வேண்டி வந்துது. அமெரிக்க அறிவியல் புனைவு எழுத்தாளர் சங்கம் அவரோட நிண்டது, அடுத்த வருசம் பிணக்குத் தீர்ந்தது.

ஆனபடியால் ரீச்சர், சொத்து கம்பனியின்ரதான். ஆனால் அந்தச் சொத்துக்குள்ள கூலிக்கு வந்த ஒருத்தர் மனசு வைச்சு எழுதின பக்கம் இருக்கும். அந்தப் பக்கத்தை வாசிச்சவரிட்டயிருந்து அதை எந்த அறிக்கையும் பிடுங்கேலாது. வவுனியா அண்ணைக்கும் இதுதான் என்ர பதில்: ரிவி தொடர் அழிக்குமோ எண்டு பார்த்து நாவலைத் தெரிவு செய்யாதேங்கோ. எழுதினவர் ஆர், முதல் அத்தியாயம் எப்பிடி, அதைப் பாருங்கோ.

வவுனியா அண்ணை (திரும்ப): அப்ப 'அண்டோர்' எண்ட ஸ்டார் வோர்ஸ் ரிவி தொடரோட முரண்பட்டால்?

முரண்பட்டால் முரண்படட்டும் அண்ணை. மொன் மொத்மாவை அந்தத் தொடர் கதைக்கணக்கில 14 வருசம் பிந்தித்தான் காட்டத் தொடங்குது. அதில அவ சிரிச்ச முகத்தோட விருந்து வைச்சுக்கொண்டு உள்ளுக்குள்ள நடுங்குற மனுசி. நாவல் காட்டுறது சட்டத்தில இன்னும் நம்பிக்கை வைச்சிருக்கிற மனுசியை. இந்த மொன் எப்பிடி அந்த மொன் ஆனா எண்டு தெரிய எனக்கு ஆவல். இரண்டாம் பாகத்தை நான் திறக்கிறதே அதுக்காகத்தான்.

மல்லாவி: ஜெடைகளில ஆர் பலசாலி?

இந்தக் கேள்விக்கு இது இடமில்லை.

விசுவமடு: எப்ப வரும் எண்டு ஒருக்கால் சொல்லுங்கோ.

மேல இரண்டு தரம் சொல்லியாச்சு. இனித் திகதிக் கேள்விக்குப் பதில் எழுதமாட்டன்.

மடு: தமிழில வருமோ? வராட்டில் நாங்களே மொழிபெயர்த்துப் போடலாமோ?

உங்கட கொப்பியில எழுதிப் பழகலாம், நல்ல பயிற்சி. பகிரங்கமாப் போட உரிமையாளரின்ர அனுமதி வேணும். பிடிஎஃப் பற்றிச் சொன்னது மொழிபெயர்ப்புக்கும் பொருந்தும்.

உருத்திரபுரத்திலிருந்து ஒரு தங்கச்சி: நான் ஏ.எல். படிக்கிறன். ஆங்கிலம் கஷ்டம் அண்ணா. இரண்டாம் பாகம் வர முதல் எதிலயிருந்து தொடங்க?

கதை தெரிஞ்ச புத்தகத்தில தொடங்கும் தங்கச்சி. 'றோக் வண்' படத்தை ஒருக்கால் பார்த்திட்டு, அதே ஃப்ரீட் 2016இல எழுதின அதின்ர நாவலை எடும். படம் தெரிஞ்சபடியால் சொல் விளங்காட்டிலும் கதை விளங்கும், அகராதியைப் பக்கத்துக்கு ஒருக்கால் திறந்தால் போதும்.

அதில அத்தியாயங்களுக்கு இடையில அலுவலகக் கடிதம் மாதிரிச் சின்னப் பகுதிகள் வரும். ஒண்டில கேலன் எர்சோ எண்ட விஞ்ஞானி மரண நட்சத்திரத்தின்ர புகைபோக்கி வடிவமைப்பைப் பற்றிப் பொறியியலாளர்களோட கடிதம் எழுதிக்கொள்ளுறார். வாசிக்கச் சாதாரண அலுவலகக் கதை. 1977 படத்தில அந்தப் பெரிய ஆயுதம் வெடிச்சது அந்தப் புகைபோக்கியாலதான், அதை அவர் வேணுமெண்டே ஒவ்வொரு கடிதமா எழுதி உள்ளுக்குள்ள நுழைச்சுப் போடுறார். இப்பிடி ஒண்டைப் படத்தில காட்டேலாது. வசனங்கள் குட்டி குட்டியா இருக்கும், முதல் அதை வாசியும். பிறகு 'மாஸ்க் ஒஃப் ஃபியர்'. விளங்காத பந்தி இருந்தால் பக்க இலக்கத்தோட எழுதி அனுப்பும், நான் பதில் போடுறன்.