நெட் இல்லாத இடத்தில் போனில் ஜிபிஎஸ் எப்படி வழி காட்டுகிறது?

காரைக்குடி அருகே செட்டிநாட்டு ஊர்களான ஆத்தங்குடி, கானாடுகாத்தான் பக்கம் பழைய வீடுகளைப் பார்க்கச் சுற்றப் போகிறோம், டேட்டா கிடைக்காவிட்டால் போன் வழி காட்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். காட்டும். நாம் ஒன்றாக நினைப்பது உண்மையில் இரண்டு வேலை: நீங்கள் நிற்கும் இடத்தைக் கண்டுபிடிப்பது, அதை மேப்பில் காட்டுவது. முதல் வேலைக்கு நெட்டும் வேண்டாம், சிம் கார்டும் வேண்டாம்.

ஜிபிஎஸ் சாட்டிலைட்டுகள் ஏறக்குறைய 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றியபடி, தாங்கள் இருக்கும் இடத்தையும் நேரத்தையும் ஓயாமல் ஒலிபரப்புகின்றன. போன் கேட்டுக்கொள்ளும், அவ்வளவுதான்; பதிலுக்கு எதுவும் அனுப்பாது. யார் கேட்கிறார்கள் என்று திருவிழா மைக்செட்டுக்குத் தெரியுமா? அப்படித்தான் இதுவும். நம் இருப்பிடத்தை வெளியே சொல்வதெல்லாம் போனில் உள்ள ஆப்கள் பார்க்கும் வேலை.

சிக்னல் கிளம்பிய நேரத்துக்கும் வந்து சேர்ந்த நேரத்துக்கும் உள்ள இடைவெளியை ஒளியின் வேகத்தால் பெருக்கினால் தூரம் கிடைத்துவிடும். தலைக்கு நேர் மேலே இருக்கும் சாட்டிலைட்டிலிருந்து வர சுமார் 0.067 நொடி. இதில் ஒரு மைக்ரோ நொடி பிசகினால் 300 மீட்டர் தப்பு. சாட்டிலைட்டில் இருப்பது மிகத் துல்லியமான அணுக்கடிகாரம், நம் போனில் இருப்பதோ மலிவான குவார்ட்ஸ் கடிகாரம். அதனால்தான் மூன்று சாட்டிலைட் போதாமல் நான்காவதும் தேவைப்படுகிறது: இடத்தோடு சேர்த்து, போன் கடிகாரத்தின் பிழையையும் கணக்கிட்டுக் கழிக்க.

சரி, நெட் இருந்தால் என்ன லாபம்? வேகம்தான். சாட்டிலைட்டின் பாதை விவரம் வானத்திலிருந்து நொடிக்கு 50 பிட் என்று சொட்டுச் சொட்டாகத்தான் இறங்கும். முழுசாக வாங்க அரை நிமிடம் போல ஆகும். டேட்டா இருந்தால் போன் அதை நெட்டிலேயே எடுத்துக்கொள்ளும். இல்லாதபோது, வெட்டவெளியில் ஓரிரு நிமிடம் பொறுமையாக நில்லுங்கள்.

வெட்டவெளி என்று சொல்லக் காரணம் இருக்கிறது. செட்டிநாட்டு வீட்டின் தடித்த சுவர்களுக்குள் சிக்னல் நுழைவதே பெரும்பாடு. வீட்டு நடுவே திறந்திருக்கும் வளவு முற்றத்தில் வானம் தெரியுமே என்றால், தெரியும். ஆனால் உச்சியில் உள்ள சாட்டிலைட்டுகள் மட்டும்தான் எட்டும், முற்றத்தைச் சுற்றியுள்ள கட்டடம் மற்றதை மறைத்துவிடும். நாலு திசையிலும் பரவி இருந்தால்தான் கணக்கு துல்லியமாக வரும். தெருவுக்கு வந்துவிடுங்கள்.

இரண்டாவது வேலையான மேப்பை, காரைக்குடியில் தங்குமிடத்து வைஃபை இருக்கும்போதே இறக்கிக்கொள்ளுங்கள். கூகுள் மேப்ஸ் ஆஃப்லைனில் வண்டிக்கு வழி சொல்லும், நடப்பவருக்குச் சொல்லாது, டிராஃபிக்கும் தெரியாது. ஊருக்குள் நடந்து வீடு பார்க்க ஆர்கானிக் மேப்ஸ் என்ற ஆப் நல்லது.

அப்புறம் ஒன்று. இங்கே பல வீடுகளுக்கு முகப்பு ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். போகவேண்டிய வீட்டைச் சேமிக்கும்போது முகப்பு இருக்கும் தெருவைக் கேட்டு, புள்ளியை அந்தப் பக்கமே வையுங்கள். இல்லாவிட்டால் "வந்து சேர்ந்துவிட்டீர்கள்" என்று பூட்டிய பின்கதவுக்கு முன்னால் நிறுத்திவிடும்.