திரும்பி வந்த செக்கை மறுபடி போடும் முன்

கேள்வி: பனியன் கம்பெனி ஒன்றுக்கு பவர்டேபிளில் (கூலிக்குத் தைக்கும் யூனிட்) தைத்துக் கொடுக்கிறேன். கூலி பாக்கிக்காக ரூ.2,40,000-க்கு செக் கொடுத்தார்கள். முதலாளி கையெழுத்து மட்டும் போட்டார். தேதியையும் தொகையையும் அவர் சொல்லச் சொல்ல நான்தான் எழுதினேன். கணக்கில் பணம் இல்லை என்று செக் திரும்பி ஒன்றரை மாதம் ஆகிறது. பலமுறை கேட்டபிறகு ஜிபேயில் ரூ.40,000 அனுப்பிவிட்டு, ‘அதே செக்கை அடுத்த வாரம் மறுபடி போடுங்க’ என்கிறார். செக் தேதியிலிருந்து இரண்டு மாதம் ஓடிவிட்டது. போலீஸ் ஸ்டேஷனில் கேட்டால் கோர்ட்டுக்குப் போகச் சொல்கிறார்கள். ‘நீங்க எழுதின செக், கேஸ் நிக்காது’ என்று அவர் மிரட்டவும் செய்கிறார். நான் என்ன செய்வது?
– ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: அவர் சொன்னபடி அந்தச் செக்கை அப்படியே வங்கியில் போட்டுவிடாதீர்கள். செக்கில் இருப்பது ரூ.2,40,000. உங்களுக்கு இன்று வரவேண்டியது ரூ.2,00,000. செக் கொடுத்தபிறகு ஒரு பகுதி பணம் கைக்கு வந்திருந்தும், அதைக் குறிக்காமல் முழுத் தொகைக்கே போட்டு அது திரும்பினால், மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-வது பிரிவில் (செக் திரும்பியதற்கான குற்ற வழக்கு) போடும் வழக்கு நிற்காது என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நியாயமாகப் பணம் வரவேண்டிய எத்தனையோ பேர் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான்.

முதலில் பாக்கி ரூ.2,00,000-க்குப் புதுச் செக் கேளுங்கள். அது கைக்கு வந்தபிறகு பழையதைத் திருப்பிக் கொடுத்தால் போதும். அவர் தர மறுத்தால், பழைய செக்கின் பின்பக்கத்தில் ரூ.40,000 எந்தத் தேதியில் வந்தது, பாக்கி எவ்வளவு என்று எழுதிக் கையெழுத்திட்டு, பாக்கித் தொகைக்கு மட்டும் போட வேண்டும். கிளியரிங்கில் இப்படிப்பட்ட செக்கை எப்படி எடுத்துக்கொள்வார்கள் என்று கிளை மேலாளரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். செக்கின் ஆயுள் மூன்று மாதம். உங்களுக்கு இருப்பது இன்னும் ஒரே மாதம்தான்.

முதல்முறை திரும்பியபோது நோட்டீஸ் அனுப்பாமல் விட்டதை நினைத்துக் கலங்க வேண்டாம். காலாவதி ஆகும்வரை செக்கை மறுபடி போடலாம், மறுபடி திரும்பினால் அதை வைத்தே வழக்குத் தொடரலாம் என்று 2012-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. ஆனால் இந்த முறை நாள்கணக்குத் தவறக்கூடாது. வங்கி ரிட்டர்ன் மெமோ (செக் திரும்பியதாக வங்கி தரும் சீட்டு) உங்களுக்குக் கிடைத்த நாளிலிருந்து 30 நாளுக்குள் எழுத்துமூலம் நோட்டீஸ் போக வேண்டும். அது அவர் கையில் சேர்ந்ததும் பணம் கட்ட 15 நாள் அவகாசம். கட்டாவிட்டால் அதற்கடுத்த ஒரு மாதத்துக்குள் குற்றவியல் நடுவர் நீதிமன்றத்தில் புகார் தாக்கல் செய்ய வேண்டும். போலீசார் உங்களைத் திருப்பி அனுப்பியது இதனால்தான். இந்தப் பிரிவில் பணம் வரவேண்டியவரே நேராக நீதிமன்றம் போக வேண்டும். அதுவும் உங்கள் கணக்கு இருக்கும் வங்கிக் கிளையின் எல்லைக்குள் வரும் நீதிமன்றம், அவருடைய ஊரைத் தேடிப் போக வேண்டியதில்லை. குற்றம் நிரூபணமானால் இரண்டு வருடம் வரை சிறை, அல்லது செக் தொகையைப் போல இரண்டு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும்.

நோட்டீஸை ஸ்பீடு போஸ்ட்டில், சேர்ந்ததற்கான சான்று கிடைக்கும்படி அனுப்புங்கள். தபால் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். ‘வாங்க மறுத்துவிட்டார்’ என்று கவர் திரும்பி வந்தால் அதைப் பிரிக்காமல் அப்படியே வையுங்கள். சரியான முகவரிக்கு அனுப்பியிருந்தால் அதுவே சேர்ப்பித்ததாகக் கருதப்படும்.

அவருடைய மிரட்டலுக்குப் பயப்பட வேண்டாம். மனமறிந்து கையெழுத்துப் போட்டுக் கொடுத்த செக்கில் மற்றதை வேறொருவர் நிரப்பினாலும் அது செல்லும் என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. கடன் இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு அவர்மேல்தான் விழும். இருந்தாலும் டி.சி. (சரக்கு அனுப்பிய டெலிவரி சலான்), பில், அவர் அனுப்பிய வாட்ஸ்அப், அந்த ரூ.40,000 வரவு காட்டும் பாஸ்புக் பக்கம் எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் சேர்த்து வையுங்கள்.

அப்புறம் இன்னொரு வழியும் இருக்கிறது. அந்த ஆர்டர் எடுக்கும் முன்பே உத்யம் பதிவு (சிறுதொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு) செய்திருந்தீர்களா? அப்படியானால் 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் சட்டம் உங்களுக்கும் பொருந்தும். ஒப்பந்தமே எழுதியிருந்தாலும் பணம் தர 45 நாளுக்கு மேல் கெடு வைக்க முடியாது. தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி வட்டி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டுவட்டியாக ஏறும். இதற்கென உள்ள மத்திய அரசு இணையதளத்தில் மனு போடலாம்.

வேலை கொடுப்பவரைப் பகைத்துக்கொண்டால் அடுத்த ஆர்டர் வராதே என்ற தயக்கம் உங்களுக்கு இருக்கும். ஆனால் சனிக்கிழமை ஆனால் உங்கள் டெய்லர்களுக்கு நீங்கள் சம்பளம் போட்டாக வேண்டும். அவர்களிடம் ‘அடுத்த வாரம்’ என்று உங்களால் சொல்ல முடியாது. நோட்டீஸ் அனுப்புவது சண்டைக்குப் போவதாகாது, உழைத்த கூலியைக் கேட்பதுதான். நோட்டீஸ் கிடைத்ததும் வழக்கு வேண்டாம் என்று பணத்தைக் கட்டிவிடுபவர்களும் உண்டு.

வக்கீல் செலவை நினைத்துத் தள்ளிப்போடாதீர்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. செக், ரிட்டர்ன் மெமோ, ஆதார் மூன்றின் நகலோடு இந்த வாரமே மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போய் மனுக் கொடுங்கள்.