8 ஜிபி ரேம் இருக்கும் டெஸ்க்டாப்பில் வேறு வேகத்தில் இன்னொரு 8 ஜிபி போடலாமா?

கேட்டவரிடம் இருப்பது இன்டெல் ஐ3-10100, எச்410 போர்டு, 8 ஜிபி டிடிஆர்4 2666 ஸ்டிக் ஒன்று (2666 என்பது ரேமின் வேகம்). கடையில் 3200தான் இருக்கிறதாம்.

தாராளமாகப் போடலாம். ஆனால் 3200-இல் ஓடாது. இந்த ஐ3 ஆதரிப்பதே 2666 வரைதான். எச்410-இல் அதற்கு மேல் ஏற்ற வழியும் இல்லை. இரண்டும் ஒரே விலை என்றால் 3200 எடுங்கள், நாளைக்கு வேறு போர்டு மாற்றினால் உதவும். அந்த எண்ணுக்காகக் கூடுதல் காசு மட்டும் கொடுக்காதீர்கள்.

கவனிக்க வேண்டியது லேபிளில் உள்ள வோல்டேஜ். 1.2 வோல்ட் என்று இருக்கும் சாதாரண ஸ்டிக் போதும். அலுமினியத் தகடு ஒட்டி 1.35 வோல்ட் என்று போட்டிருக்கும் கேமிங் ஸ்டிக்குகள் எக்ஸ்எம்பி (போர்டின் செட்டிங்கில் இயக்கும் கூடுதல் வேக வசதி) போட்டால்தான் 3200-ஐத் தொடும். அது இல்லாமல் பல ஸ்டிக்குகள் 2133 அல்லது 2400-இல்தான் நிற்கும். இரண்டு ஸ்டிக்கும் மெதுவானதன் வேகத்துக்கே ஓடும் என்பதால், அதிக விலை கொடுத்து வாங்கியது உங்கள் பழைய 2666-ஐயும் சேர்த்து இழுத்துவிடும். செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைக்கும் சர்வர் ரேம் (ரெஜிஸ்டர்டு வகை) பக்கமே போக வேண்டாம். ஸ்லாட்டில் உட்காரும், டிஸ்ப்ளே வராது.

வாங்கும் முன் கன்ட்ரோல்-ஷிப்ட்-எஸ்கேப் அழுத்தி டாஸ்க் மேனேஜரைப் பாருங்கள். வழக்கமான வேலையின்போது மெமரி 60 சதவீதத்தில் நின்று, டிஸ்க் 100-இல் முட்டிக்கொண்டிருந்தால் குறை ரேமில் இல்லை; ஹார்டு டிஸ்க்கைத் தூக்கிவிட்டு எஸ்எஸ்டி போடுங்கள். மெமரி 85, 90 என்று போனால் ரேம்தான்.

இன்னொரு லாபம் டூயல் சேனல், அதாவது இரண்டு ஸ்டிக்கிலும் ஒரே நேரத்தில் தரவு போய்வருவது. 2666 வேக ஸ்டிக் ஒன்று நொடிக்கு அதிகபட்சம் 21.3 ஜிபி தரவைக் கடத்தும். இரண்டு சேனலிலும் ஒவ்வொன்று இருந்தால் 42.6. பிரவுசர், எக்செல் வேலையில் இது பெரிதாகத் தெரியாது. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் கேம் ஆடுபவருக்கு நன்றாகவே தெரியும், ஏனென்றால் ப்ராசஸருக்குள் இருக்கும் கிராபிக்ஸ் இதே ரேமைத்தான் பங்குபோட்டுக்கொள்கிறது. 8-உடன் 16 போட்டாலும் ஓடும்: 16 ஜிபி வரை டூயல், மிச்சம் 8 சிங்கிள். உங்கள் போர்டில் இரண்டே ஸ்லாட் என்றால் குழப்பமில்லை. நான்கு ஸ்லாட் போர்டு வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் ப்ராசஸரிலிருந்து எண்ணி 2, 4-இல் போட வேண்டும்.

மாட்டும்போது ஷிப்டை அழுத்திக்கொண்டு ஷட்டவுன் கொடுங்கள், அப்போதுதான் விண்டோஸ் முழுதாக அணையும். பவர் கேபிளைப் பிடுங்கிவிட்டு பவர் பட்டனைப் பத்து நொடி அழுத்துங்கள், மிச்ச மின்சாரம் போய்விடும். கேபினெட்டின் பெயிண்ட் இல்லாத இரும்பைத் தொட்டுவிட்டு ரேமை எடுங்கள். தங்கநிறக் காலில் விரல் படக்கூடாது. சில போர்டுகளில் ஒரு பக்கம் மட்டுமே கிளிப் திறக்கும். மறுபக்கத்தை நெம்பி உடைத்துவிடாதீர்கள். ஸ்டிக்கின் வெட்டு ஸ்லாட்டின் தடுப்போடு பொருந்துகிறதா என்று பார்த்து, இரண்டு முனையிலும் கட்டைவிரலால் நேராக அழுத்துங்கள். கொஞ்சம் பலமாகவே அழுத்த வேண்டியிருக்கும். கிளிப் 'டக்' என்று தானாக மூடினால்தான் உட்கார்ந்ததாக அர்த்தம்.

முதல் முறை ஆன் செய்யும்போது அரை நிமிடம் திரை கறுப்பாக இருக்கலாம், ஒரு முறை தானாக அணைந்தும் எழலாம். போர்டு புது ரேமைப் பழக்கிக்கொள்கிறது, பொறுங்கள். இரண்டு மூன்று நிமிடமாகியும் ஒன்றும் இல்லையென்றால் பவர் கேபிளைப் பிடுங்கிவிட்டு இரண்டையும் கழற்றி, பென்சில் ரப்பரால் தங்கநிறக் காலை மெதுவாகத் தேய்த்து, தூசைத் துடைத்து, புது ஸ்டிக்கை மட்டும் பழைய ஸ்டிக் இருந்த ஸ்லாட்டில் போடுங்கள். அங்கே ஓடினால் ஸ்டிக் நல்லது, சந்தேகம் அடுத்த ஸ்லாட் மேல். பழைய ஸ்டிக்கை அந்த ஸ்லாட்டில் தனியாகப் போட்டும் வரவில்லையென்றால் ஸ்லாட்டில் தூசு, இல்லையென்றால் ப்ராசஸர் சாக்கெட்டில் வளைந்த பின். இரண்டும் தனித்தனியே ஓடி, சேர்ந்தால் மட்டும் அடம்பிடித்தால் சிமோஸ் பேட்டரியை (போர்டில் இருக்கும் நாணய வடிவ பேட்டரி) ஐந்து நிமிடம் கழற்றி வைத்துப் பாருங்கள், பயாஸை (போர்டின் அடிப்படை மென்பொருள்) அப்டேட் செய்யுங்கள்.

விண்டோஸ் வந்ததும் டாஸ்க் மேனேஜரில் 16 ஜிபி, ஸ்லாட் 2-இல் 2 என்று காட்ட வேண்டும். வேகம் 2666 அல்லது 2667. பொருத்தியது 16, பயன்படுத்த முடிவது 8 என்றால் ஸ்டிக் சரியாக உட்காரவில்லை, அல்லது எம்எஸ்கான்பிக் (விண்டோஸின் செட்டிங் கருவி) பூட் அமைப்பில் யாரோ மெமரி உச்சவரம்புக்கு டிக் போட்டிருக்கிறார்கள். சி டிரைவில் சில ஜிபி காணாமல் போனால் பயப்பட வேண்டாம். ரேம் கூடினால் ஹைபர்நேட் பைலும் (அணைக்கும்போது ரேமில் இருப்பதை டிஸ்க்கில் சேமிக்கும் பைல்) கூடவே வளரும்.

கடைசியாக ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 மென்பொருளைப் பென்டிரைவில் போட்டு இரவு முழுக்க ஓடவிடுங்கள். ஒரே ஒரு பிழை காட்டினாலும் எந்த ஸ்டிக் என்று தனித்தனியே பார்த்து, புதியதாக இருந்தால் பில்லோடு கடைக்குப் போய் மாற்றிக்கொள்ளுங்கள். 'கம்ப்யூட்டர் ஓடுதுல்ல' என்று கடைக்காரர் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். பழுதான ரேம் நாள்கணக்கில் ஒழுங்காக ஓடிவிட்டு, ஒருநாள் சேமிக்கும் பைலைச் சத்தமில்லாமல் கெடுத்துவைக்கும்.