சிடி பாட்டை பிளேயரில் ஏற்றுவது எப்படி? வாசகர் கேள்விகள்

கேள்வி: சிடியைக் கணினியில் போட்டதும் பதினான்கு பாட்டும் தெரிந்தன. அப்படியே காப்பி செய்து என் கையடக்க எம்பி3 பிளேயரில் போட்டேன். ஒன்றும் பாடவில்லை. ஒவ்வொரு ஃபைலும் 1 கேபிதான் காட்டுகிறது. சிடி போய்விட்டதா?

பதில்: சிடி நன்றாகத்தான் இருக்கிறது. நீங்கள் எடுத்து வந்தது வீட்டை அல்ல, வீட்டு முகவரியை. ஆடியோ சிடியில் ஃபைல் என்று எதுவும் கிடையாது. நடுவிலிருந்து விளிம்பு வரை ஒரே சுருளாக ஒலி ஓடுகிறது. எந்தப் பாட்டு எங்கே தொடங்குகிறது என்ற பட்டியல் மட்டும் முன்னால் இருக்கும். விண்டோஸ் அதைப் பார்த்து, பாட்டுக்கு ஒன்றாக 44 பைட் (திரையில் முழுதாக்கி 1 கேபி) அளவுள்ள சிடிஏ ஃபைலைக் காட்டுகிறது. அதற்குள் ஒலி இல்லை.

ஒலியை எடுக்க ‘ரிப்’ செய்ய வேண்டும், அதாவது சிடியில் உள்ள ஒலியைப் படித்து ஃபைலாக மாற்ற வேண்டும். விண்டோஸில் எக்ஸாக்ட் ஆடியோ காப்பி, மேக்கில் எக்ஸ்எல்டி, இரண்டிலும் ஓடும் ஃப்ரீஏசி ஆகிய மென்பொருள்களை வீட்டு உபயோகத்துக்கு இலவசமாகவே பயன்படுத்தலாம். லேப்டாப்பில் டிரைவ் இல்லையென்றால் யுஎஸ்பி டிரைவ் போதும்.

கேள்வி: எம்பி3 நல்லதா, ஃப்ளாக் நல்லதா? பிளேயரில் 64 ஜிபி கார்டு இருக்கிறது.

பதில்: இரண்டும் ஒலியைச் சுருக்கிவைக்கும் ஃபைல் வகைகள்; இரண்டும் வேண்டும் என்பேன். கணக்கைப் பாருங்கள். சிடியில் ஒலி நொடிக்கு 44,100 மாதிரிகள் (ஒலியை அளந்த அளவுகள்), 16 பிட், இரண்டு சேனல் என்று பதிவாகியிருக்கிறது. அப்படியே எடுத்தால் ஒரு மணி நேர ஆல்பம் சுமார் 635 எம்பி. ஃப்ளாக் அதை ஒரு துளி இழப்பும் இல்லாமல் பாதி, அல்லது பாதிக்குச் சற்று மேல் அளவுக்கு மடித்து வைக்கும். 320 கேபிபிஎஸ் (நொடிக்கு 320 கிலோபிட்) எம்பி3 என்றால் 144 எம்பி. ஆனால் எம்பி3 காதுக்குத் தெரியாது என்று நினைப்பதையெல்லாம் வெட்டி எறிந்துவிடும். எறிந்தது திரும்ப வராது.

அதனால் கணினியில் ஃப்ளாக்காக ஒருமுறை ரிப் செய்து வையுங்கள். அதுதான் மூலப் பிரதி. அதிலிருந்து பிளேயருக்கு எம்பி3 செய்துகொள்ளலாம். எம்பி3 ஆக்கித் தரும் லேம் என்கோடரில் வி2 என்ற தர அளவை வைத்தால் சராசரியாக 190 கேபிபிஎஸ் அளவில் வரும். உங்கள் கார்டில் எழுநூறு ஆல்பம்வரை பிடிக்கும். தெருவிலும் பேருந்திலும் கேட்பதற்கு இதற்கு மேல் தேவையில்லை. அதுவும் புளூடூத் இயர்போன் என்றால், அது போகிற வழியில் இன்னொரு முறை சுருக்கித்தான் அனுப்பும். நாளைக்கு வேறு ஃபார்மட் வந்தாலும் மறுபடி சிடி அடுக்கைத் தூசி தட்ட வேண்டாம். அந்த வேலையை இரண்டு முறை செய்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

கேள்வி: ஒரு சிடியில் கீறல். ரிப் செய்த பாட்டில் ‘டக் டக்’ என்று சத்தம் வருகிறது. வழி உண்டா?

பதில்: பெரும்பாலும் உண்டு. முதலில் மென்மையான துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடையுங்கள். வட்டமாகத் துடைக்காதீர்கள். சிடியிலுள்ள பிழைதிருத்த ஏற்பாடு, தடத்தில் சுமார் 2.5 மில்லிமீட்டர் வரை விட்டுப்போனாலும் கணக்குப் போட்டு நிரப்பிவிடும். நடுவிலிருந்து விளிம்பை நோக்கிக் குறுக்கே விழுந்த கீறல் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு நூல் அளவுதான் பறிக்கும். தடத்தோடு சேர்ந்து ஓடும் கீறல் ஒரே இடத்தில் நீளமாகப் பறிக்கும். அதைத் திருத்துவது கடினம்.

அப்புறம் எக்ஸாக்ட் ஆடியோ காப்பியில் செக்யூர் மோடு வைத்து ரிப் செய்யுங்கள். சந்தேகம் வந்த இடத்தை அது திரும்பத் திரும்பப் படிக்கும். ஒரு பாட்டுக்கு அரை மணி நேரம் ஆனாலும் விட்டுவிடுங்கள். அக்யூரேட்ரிப் வசதியையும் போட்டுவைத்தால், அதே சிடியை ரிப் செய்த மற்றவர்களின் முடிவோடு ஒப்பிட்டுச் சரியா தவறா என்று சொல்லிவிடும். அதிலும் சரிவராவிட்டால் வேறொரு டிரைவில் போட்டுப் பாருங்கள். ஒன்று திணறுகிற சிடியை இன்னொன்று சாதாரணமாகப் படித்துவிடுவது உண்டு.

எல்லோரும் பளபளப்பான பக்கத்தைத்தான் பொத்திப் பொத்தி வைக்கிறோம். உண்மையில் ஆபத்து பெயர் அச்சடித்த பக்கத்தில். பளபளப்பான பக்கம் 1.2 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் காவல்; பெயர் உள்ள பக்கம் மெல்லிய அரக்குப் பூச்சு, அதற்கு அடியிலேயே ஒலி பதிந்த உலோகப் படலம். நான் ஒரு சிடியின் மேல் பால்பாயின்ட் பேனாவால் அழுத்தி என் பெயரை எழுதினேன். விளக்குக்கு நேரே பிடித்தபோது எழுத்தின் சுழியில் ஊசிமுனை அளவு வெளிச்சம் தெரிந்தது. அந்த இடத்துப் பாட்டு எந்த டிரைவிலும் வரவில்லை.

கேள்வி: பாட்டுப் பெயரைத் தமிழில் டைப் செய்தேன். கணினியில் சரியாக வருகிறது, பிளேயரில் ஏதேதோ வருகிறது.

பதில்: அந்த ‘ஏதேதோ’வில்தான் விஷயமே இருக்கிறது. வெறும் கட்டங்களாக வந்தால் பிளேயரில் தமிழ் எழுத்துரு இல்லை. நம்மால் ஒன்றும் செய்ய முடியாது. மேலே கோடும் புள்ளியும் வைத்த ஐரோப்பிய எழுத்துகள் வரிசை கட்டி நின்றால், எழுத்துரு பிரச்சினை அல்ல. எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் அ, க போன்ற ஒரு தமிழ் எழுத்துக்கு மூன்று பைட். அதைப் புரிந்துகொள்ளாத பிளேயர் மூன்றையும் தனித்தனி எழுத்தாகக் காட்டுகிறது. எம்பி3டேக் மென்பொருளில் டேக் (ஃபைலுக்குள் பாட்டு விவரம் எழுதும் இடம்) வகையை ஐடி3வி2.3, யூடிஎஃப்-16 என்று மாற்றிச் சேமித்துப் பாருங்கள், பெரும்பாலும் சரியாகிவிடும். மூன்றாவது வகை ஒன்று உண்டு: எழுத்து வரும், ஆனால் கொம்பு தன் இடத்தில் நிற்காது, ‘கொ’ மூன்று துண்டாகக் கிடக்கும். அதோடு மல்லுக்கட்டாமல் ஆங்கில எழுத்தில் தட்டிவிடுவதே நல்லது.

கேள்வி: கச்சேரி சிடி. பாட்டு ஒன்றோடு ஒன்று தொடர்ந்து வர வேண்டும். எம்பி3 ஆக்கியதும் நடுவில் ஒரு துண்டு மௌனம் விழுகிறது.

பதில்: எம்பி3 ஒலியை 1,152 மாதிரிகள் கொண்ட பொட்டலங்களாகவே கட்டும். கடைசிப் பொட்டலம் நிரம்பாவிட்டால் மௌனத்தைப் போட்டு நிரப்பும். முன்னாலும் கொஞ்சம் சேரும். எவ்வளவு சேர்த்தோம் என்று லேம் ஃபைலிலேயே எழுதிவைக்கிறது, அதைப் படித்து வெட்டுவது பிளேயரின் பொறுப்பு. பிளேயர் அமைப்பில் ‘கேப்லெஸ்’ (இடைவெளியின்றிப் பாடுவது) என்று இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் முழுக் கச்சேரியையும் ஒரே ஃபைலாக ரிப் செய்யுங்கள். கைதட்டல் பாதியில் அறுபடுவதைக் கேட்பதற்கு இது எவ்வளவோ மேல்.

கேள்வி: பாட்டு வரிசை 1, 10, 11, 2 என்று ஓடுகிறது.

பதில்: 01, 02 என்று பெயர் வையுங்கள். இரட்டை சிடி என்றால் 101, 201.

கேள்வி: என்னிடம் பழைய 128 கேபிபிஎஸ் எம்பி3 நிறைய உண்டு. ஃப்ளாக்காக மாற்றினால் தரம் கூடுமா?

பதில்: கூடாது. ஃபைலின் அளவுதான் பெரிதாகும். அந்த சிடிகள் கையில் இருந்தால் மறுபடி ரிப் செய்யுங்கள்.