ஏரிக்கரை ஊரில் ஒரு நீராவிக் கப்பல்

கேள்வி: பெரம்பூர் லோகோ பணிமனையில் நீராவி இன்ஜின்களைப் பழுது பார்த்த காலத்தில் வேலைக்குச் சேர்ந்து, ஓய்வும் பெற்றுவிட்டவன் நான். டொராண்டோவில் இருக்கும் மகன், வருகிற கோடையில் என்னையும் மனைவியையும் வடக்கே ஓர் ஏரிக்கரை காட்டேஜில் நான்கு நாள் தங்கவைக்கப் போகிறானாம். பக்கத்தில் கிரேவன்ஹர்ஸ்ட் என்று ஒரு பழைய ஊர் உண்டு என்கிறான். தண்ணீரையும் மரங்களையும் பார்ப்பதைத் தவிர அங்கே எங்களுக்கு என்ன இருக்கிறது?
‍- வாசகர், வியாசர்பாடி

பதில்: ஐயா, உங்கள் கைகள் பழகிய தொழிலே அந்த ஊர்த் துறையில் மிதந்துகொண்டிருக்கிறது. 1887இல் கட்டப்பட்ட ‘செக்வுன்’ என்ற நீராவிக் கப்பல், இன்றும் நிலக்கரியை எரித்தே மஸ்கோகா ஏரியில் பயணிகளை ஏற்றிச் செல்கிறது. சாலைகள் சரியாக இல்லாத அந்தக் காலத்தில், ரயிலில் கிரேவன்ஹர்ஸ்ட் வந்து இறங்கிய ஆட்களையும் தபாலையும் மூட்டை முடிச்சுகளையும் கரை கரையாகக் கொண்டுசேர்த்தவை இத்தகைய கப்பல்கள்தான். முதலில் பக்கவாட்டுச் சக்கரங்களோடு வேறு பெயரில் ஓடிய இக்கப்பல், 1925இல் சுழல்விசிறிக்கு (புரொப்பெல்லர்) மாற்றப்பட்டு, அங்குள்ள பழங்குடியினரின் ஓஜிப்வே மொழியில் வசந்தம் என்று பொருள்படும் இப்போதைய பெயரைப் பெற்றது. 1958இல் ஓய்வுக்குப் போன அதை ஊரார் உடைக்க விடாமல் காத்து, 1981இல் மீண்டும் ஓடவைத்தார்கள். மண்வாரியால் கரியை அள்ளிப் போடும் சத்தத்தையும், சூடான எண்ணெயும் கரிப்புகையும் கலந்த வாசனையையும் உங்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. ஆற அமரப் பாருங்கள். பேரப்பிள்ளைகள் உடன் வந்தால் பாய்லர் எப்படி வேலை செய்கிறது என்று நீங்களே சொல்லிக்கொடுங்கள். மற்ற எதை விட்டாலும் இதை விடாதீர்கள்.

இன்னொன்று, நார்மன் பெத்யூன் 1890இல் பிறந்த வீடு. பாதிரியாரின் மகனான இந்த அறுவை மருத்துவர், ஸ்பெயின் போரில் இரத்தத்தைப் போர்முனைக்கே வண்டியில் கொண்டுசென்றவர். 1938இல் சீனா சென்று, அறுவையின்போது விரலில் பட்ட வெட்டுக் காயம் சீழ்பிடித்து இரத்தத்தில் நஞ்சேற, மறு ஆண்டே இறந்தார். பிறகு சீனாவில் அவர் பெயரைத் தாங்கிய மருத்துவமனைக்குத் தலைமை ஏற்றவர் நம் நாட்டுச் சோலாப்பூரைச் சேர்ந்த டாக்டர் கோட்னிஸ் என்பதையும், அவரும் 1942இல் அங்கேயே உயிர் நீத்தார் என்பதையும் நினைத்துக்கொண்டு அந்த அறைகளுக்குள் நடந்தால், அந்நிய ஊர் என்ற எண்ணமே எழாது.

டொராண்டோவிலிருந்து காரில் ஏறத்தாழ இரண்டு மணி நேரம். கோடையில் வெள்ளி மாலை நகரமே வடக்கு நோக்கிக் கிளம்பும் என்பதால், வேறு நாளில் புறப்படச் சொல்லுங்கள். ஜூனில் கொசுத் தொல்லை அதிகம். முழுக்கைச் சட்டை அவசியம். கப்பலுக்கு மகன் முன்பதிவு செய்துவிடட்டும்.